கார்த்திகை மழைக்குக் கணக்குப் போடுங்கள்: கம்பத்துச் சோலார் பேனலும் பேட்டரியும்

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் திருநின்றவூருக்கு அடுத்த ஸ்டேஷன் வேப்பம்பட்டு. தண்டவாளத்தின் இரு பக்கமும் மனைப்பிரிவுகள். ஒரு தெருவில் நான்கு வீடு இருந்தால் அதற்கு இரட்டிப்பாய்க் காலி மனைகள் கிடக்கும். அவற்றில் வேலிகாத்தான் முளைத்திருக்கும். மனையை வாங்கிப் போட்டவர் அம்பத்தூரிலோ அண்ணா நகரிலோ இருப்பார். துபாயில் இருப்பவர்களும் உண்டு. கரண்ட் இணைப்பு வாங்காத இடத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ள இப்போது எல்லோரும் செய்வது, ஓர் இரும்புக் கம்பம் நடுவது. உச்சியில் சோலார் பேனல், அதற்குக் கீழே சிம் கார்டு போட்ட கேமரா, இன்னும் கீழே பேட்டரிப் பெட்டி. கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் தோட்டங்களில் இதே ஏற்பாடு வேறு வேலைகளைப் பார்க்கிறது: போர் மோட்டாரை மொபைலிலிருந்து போட்டு நிறுத்தும் கருவி, தொட்டித் தண்ணீரின் அளவு பார்க்கும் சென்சார், வாசல் விளக்கு.

இவையெல்லாம் மாட்டிய புதிதில் நன்றாகவே ஓடும். முதல் கோடையும் சிக்கலில்லாமல் கழியும். ஐப்பசியில் தொடர்மழை பிடித்த மூன்றாம் நாள் கேமரா அணைந்துபோகும். மழை விட்டதும் தானாக வரும். அடுத்த ஐப்பசியில் ஒரே நாள் மழைக்கு அணையும். அதற்கடுத்து வெயில் அடிக்கும் நாளில்கூட இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும். அப்போது உரிமையாளர் பேனலைக் குறை சொல்வார். பேனல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கெட்டது பேட்டரி. அதைக் கெடுத்தவை இரண்டு: மழைக்காலத்தை நினைக்காமல் போட்ட கணக்கு, கோடையை நினைக்காமல் வைத்த பெட்டி. இந்த இரண்டையும் சரிசெய்தால் மற்றவை சின்னச் சின்ன வேலைகள்தான்.

ஆளில்லாத இடத்தில் சோலாரை நம்பி ஒரு கருவியை ஓடவிடுவது எப்படி என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம், நாட்டில் எங்கெங்கே எவ்வளவு வெயில் விழுகிறது என்று அளக்க 2011-இல் முதல் கட்டமாக 51 நிலையங்களை அமைத்தது. ஒவ்வொன்றிலும் 1.5 மீட்டரில் ஒரு சிறிய கோபுரம், 6 மீட்டரில் ஒரு பெரிய கோபுரம். வெயிலோடு மழை, காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றையும் அளந்து அனுப்பும் கருவிகள் அவற்றில் இருக்கும். அத்தனைக்கும் மின்சாரம் தருவது 160 வாட் சோலார் பேனல். வெயிலை அளக்கும் நிலையம் என்பதால், வெயில் வராத நாளில்தான் அது தவறாமல் வேலை செய்தாக வேண்டும். மேகமூட்டமான நாளின் கணக்கும் பதிவாக வேண்டுமல்லவா? நம் கம்பத்துக் கேமராவுக்கும் அதே நிபந்தனைதான். திருட்டு நடப்பது அடைமழை இரவில்.

முதலில் கணக்கு

கடைக்காரர் "இந்தக் கேமராவுக்கு 40 வாட் பேனல் போதும் சார்" என்றால், எந்த மாதத்துக்குப் போதும் என்று கேளுங்கள். சென்னைப் பகுதியில் மார்ச், ஏப்ரலில் ஒரு நாள் வெயிலை உச்சி வெயிலாகத் திரட்டினால் 6 மணி நேரத்துக்கு மேல் வரும். நவம்பர், டிசம்பரில் அது 4 மணி நேரம் அளவுக்கு இறங்கும். புயல் சின்னம் கரைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆண்டுச் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் சரியாகத் தேவைப்படும் நேரத்தில் அது கைவிடும்.

ஓர் உதாரணம். கேமராவும் அதன் 4ஜி மோடமும் சேர்ந்து சராசரியாக 10 வாட் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. பேனல் தருவது முழுதும் பேட்டரிக்குப் போய்த் திரும்பி வராது. வெப்பம், தூசி, ஒயர், பேட்டரி என்று வழியில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். மழை மாதத்துக்கு 3.5 மணி நேர வெயில் என்று எடுத்தால், 100 வாட் பேனல் ஒரு நாளில் கொடுப்பது 245 வாட்-மணி. செலவும் அதே அளவு. சரியாகப் போயிற்று என்று தோன்றும். ஆனால் மூன்று நாள் அடைமழை வந்து பேட்டரி பாதியாகிவிட்டால், அதை மறுபடி நிரப்ப ஒரு நாளைக்கு மிஞ்சுவது வெறும் 5 வாட்-மணி. தை பிறக்கும்வரை அந்தப் பேட்டரி நிறையாது. அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். 160 வாட் பேனல் போட்டால் அதே வெயிலில் 390 வாட்-மணி கிடைக்கும். மூன்று நாள் பள்ளத்தை அடுத்த ஐந்து நாளில் அது மேடாக்கிவிடும். பேனலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பேட்டரியின் ஆயுளாகத் திரும்பி வருகிறது. எந்தப் பொருளில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்று கேட்டால் நான் பேனலைத்தான் சொல்வேன்.

பேட்டரிக்கும் இதே கணக்கு. 240 வாட்-மணி என்றால் 12 வோல்ட்டில் 20 ஆம்பியர்-மணி, கடைப் பேச்சில் 20 ஏ.எச். மூன்று நாள் வெயிலே இல்லாமல் தாங்க 60 ஏ.எச். வேண்டும். இன்வெர்ட்டரில் போடும் ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. அதனால் 120 ஏ.எச். வாங்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையை 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம், 75 ஏ.எச். போதும். மனைகளில் மாட்டியிருக்கும் 40 ஏ.எச். ஈயப் பேட்டரி இந்தக் கேமராவை ஒரே ஒரு நாள்தான் பத்திரமாகத் தாங்கும்.

பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியது, கருவியின் தேவையைக் குறைப்பது. இருபத்து நான்கு மணி நேரமும் படம் அனுப்பாமல், அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும்படி கேமராவை வையுங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் மோடம் டவரைத் தேடித் தேடி அதிக மின்சாரம் எடுக்கும். உள்தெருவில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக வருகிறது என்று பார்த்து சிம் போடுவதுகூட மின்சாரச் சிக்கனம்தான்.

வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். சின்னச் சோலார் விளக்குகளின் அட்டைப் பெட்டியில் 300 வாட், 500 வாட் என்று அச்சடித்திருப்பார்கள். நம்ப வேண்டாம். உச்சி வெயிலில் ஒரு சதுர அடிப் பேனலிலிருந்து 20 வாட் எடுப்பதே நல்ல பேனலின் திறமை. பேனலின் நீள அகலத்தை அடியில் அளந்து பெருக்கி, அதை 20-ஆல் பெருக்கினால் அதன் உச்சவரம்பு தெரிந்துவிடும். கூடவே பேனலின் பின்பக்க ஒட்டுத்தாளில் ஐ.எஸ். 14286 என்ற இந்தியத் தர எண்ணும், லித்தியம் பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பேனலைத் திருப்புவதும் துடைப்பதும்

சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஆண்டில் இரண்டு முறை: ஏப்ரல் கடைசி வாரம், ஆகஸ்ட் மூன்றாம் வாரம். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் கொஞ்சம் வடக்கே நிற்கும். மார்கழியிலோ நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். வீட்டு மொட்டைமாடிப் பேனல்களைத் தெற்கு நோக்கி 13 பாகை சாய்வில் வைப்பார்கள். ஆண்டு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அதுதான் லாபம். கம்பத்துப் பேனலுக்கு ஆண்டு மொத்தம் முக்கியமில்லை, மழைக்கால மாதங்களே முக்கியம். அதனால் 20 முதல் 25 பாகை வரை சாய்த்து வைப்பது நல்லது. கோடையில் சிறிது குறையும். அப்போதுதான் மிஞ்சிக் கிடக்கிறதே. சாய்வு கூடினால் மழைநீர் தூசியையும் அடித்துக்கொண்டு போகும்.

நிழலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பேனலுக்குள் இருக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இணைக்கப்பட்டவை. வரிசையாக நின்று குடம் கைமாற்றுகிறவர்களில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டால் தண்ணீர் மேலே போகாது. அதுபோல ஒரு செல்லை மறைத்தாலும் மொத்த வரிசையின் மின்னோட்டம் குறைகிறது. பக்கத்து மனையில் வளர்ந்துவிட்ட வேலிகாத்தானின் ஒரு கிளை, கம்பத்தில் இன்னும் கொஞ்சம் உயரே மாட்டிய ஆன்டெனாவின் நிழல், காக்கை எச்சம், எல்லாமே அந்தக் கணக்கில் வரும். மறைந்த செல் மின்சாரம் தராததோடு, மற்றச் செல்களின் மின்சாரத்தை வாங்கிச் சூடாகவும் செய்யும். பேனலின் பின்பக்கம் பழுப்பேறிய புள்ளி தெரிந்தால் அந்த இடம் அப்படிச் சூடேறியிருக்கிறது என்று பொருள். இதைத் தாங்கத்தான் பேனலுக்குப் பின்னாலிருக்கும் சிறிய பெட்டியில் டையோடுகள் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் மாதக்கணக்கில் அப்படியே விடுவது பேனலைக் கெடுக்கும்.

துடைக்க வேண்டிய இடைவெளி இடத்தைப் பொறுத்தது. திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டிய மனைக்கும், இன்னும் தார் போடாத உள்தெரு மனைக்கும் பிப்ரவரி முதல் ஜூன் வரை மாதம் இரண்டு முறையாவது வேண்டும். போகிக்கு மறுநாள் கட்டாயம் ஒரு முறை. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே துடையுங்கள். உச்சி வெயிலில் பேனல் 60, 65 டிகிரி சூட்டில் இருக்கும். அதன்மேல் குளிர்ந்த தண்ணீரை வீசினால் கண்ணாடி விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் வரும் போர் என்றால் அந்தத் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் படலம் போட்டுவிடும், தூசியைவிட அதை எடுப்பது கடினம். மழைநீரோ குடிநீரோ இரண்டு குவளை போதும். மெல்லிய துணி, அவ்வளவுதான். சோப்புத் தூளும் இரும்பு நாரும் வேண்டாம். எச்சம் காய்ந்திருந்தால் ஈரத் துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவிட்டு எடுங்கள், சுரண்டாதீர்கள். பேனல்மேல் கையை ஊன்றிச் சாயவும் கூடாது. உள்ளே இருக்கும் சிலிக்கான் தாள் போல மெல்லியது, கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடும்.

இதில் உயிருக்கு ஆபத்தானது பேனல் கிடையாது, ஏணிதான். அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேலே மின்வாரியக் கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். தனியாக ஏறாதீர்கள், கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈரக் கம்பத்தில் ஏறவே கூடாது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

ஒரு மனைப்பிரிவின் நுழைவாயில் விளக்குக் கம்பத்தில் பெட்டியைத் திறந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி, மேற்கு வெயில் நேராக விழும் பக்கம் மாட்டியிருந்தது. மே மாத மாலை. பெட்டியின் கதவைத் தொட்டால் கை சுட்டது. உள்ளே இருந்த ஈயப் பேட்டரியின் இரண்டு பக்கமும் வயிறு ஊதினாற்போல் வெளியே வந்திருந்தன. பாசிட்டிவ் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அதில் மாட்டிய ஒயரை விரலால் தொட்டதும் ஆடியது. ஒயர் நுழையும் துளையை யாரும் அடைக்கவில்லை. அந்த வழியே எறும்பு புகுந்து, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் திருகுகளுக்கிடையே மண் கட்டியிருந்தது. விளக்கு நேரடியாகப் பேட்டரியில் கொடுக்கப்பட்டிருந்தது, கன்ட்ரோலரில் அதற்கென்று இடம் இருந்தும்கூட.

இதில் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடம். முதலாவது வெப்பம். ஈயப் பேட்டரிகள் 25 டிகிரியை வைத்து வடிவமைக்கப்பட்டவை. அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. வேப்பம்பட்டில் கத்திரி வெயில் நாளில் நிழலிலேயே 40 டிகிரி. கறுப்புத் தகரப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஐந்தாண்டு உழைக்க வேண்டியது இரண்டு கோடையில் போய்விடுவது இதனால்தான். பெட்டிக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். கம்பத்தின் வடக்குப் பக்கம் மாட்டுங்கள். ஆனியில் சூரியன் வடக்கே நிற்பதால் அது மட்டும் போதாது. பெட்டிக்கு மேல் நான்கு விரல் இடைவெளி விட்டு ஒரு தகடோ சிமென்ட் ஷீட்டோ கூரைபோல் வையுங்கள். கீழேயும் மேலேயும் காற்றோட்டத் துளை விட்டு, பூச்சி புகாத வலை அடியுங்கள்.

காற்றோட்டம் வெப்பத்துக்காக மட்டும் இல்லை. ஈயப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். இறுக மூடிய பெட்டியில் பேட்டரியையும், பொறி கிளப்பக்கூடிய ரிலேயையும் ஒன்றாக வைக்காதீர்கள். பெட்டியைத் திறந்ததும் உடனே கை விடாமல் சற்று நேரம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

இரண்டாவது, சார்ஜ் கன்ட்ரோலர். 12 வோல்ட் ஈயப் பேட்டரியை 14.4 வோல்ட் வரை ஏற்றி, பிறகு 13.6, 13.8-இல் நிறுத்தி வைப்பது அதன் வேலை. பேட்டரி சூடாக இருந்தால் இந்த அளவு குறைய வேண்டும்: ஒரு டிகிரிக்கு சுமார் 18 மில்லிவோல்ட். பேட்டரி 45 டிகிரியில் இருந்தால் 0.36 வோல்ட் குறைத்து ஏற்ற வேண்டும். வெப்ப சென்சார் இல்லாத மலிவான கன்ட்ரோலர் இதைக் கவனிக்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். திறந்து தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் தண்ணீர் வற்றும். மூடிய வகை என்றால் நான் பார்த்ததுபோல் ஊதிவிடும். ஊதிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

மூன்றாவது, கருவியை நேரடியாகப் பேட்டரியில் கொடுப்பது. "கேமரா அணையவே கூடாது" என்று உரிமையாளர் சொன்னதும் சிலர் இப்படி மாற்றிவிடுகிறார்கள். பேட்டரி 11 வோல்ட்டை நெருங்கும்போது கருவியைத் துண்டித்துப் பேட்டரியைக் காப்பாற்றுவது கன்ட்ரோலரின் இன்னொரு வேலை. அதைத் தாண்டி இணைத்தால் பேட்டரி அடிமட்டம் வரை வடிந்துவிடும். ஈயப் பேட்டரி நாலைந்து நாள் வடிந்த நிலையில் கிடந்தால் தகடுகளில் படிகம் கட்டி, பழைய கொள்ளளவு திரும்பவே திரும்பாது.

டெர்மினலில் பூத்திருப்பதை எடுக்க, பேனலையும் கருவியையும் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கரைசல் பேட்டரியின் மூடிக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றும் வகைக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவும் ஆகாது. ஆசிட் கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

லித்தியம் வாங்குகிறவர்களுக்கு

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வெப்பத்தை ஈயத்தைவிட நன்றாகத் தாங்கும், எடை குறைவு, 2,000 முறைக்கு மேல் ஏறி இறங்கும். இந்த வேலைக்கு இன்று அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் ஓர் ஆபத்தைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். கடைகளில் "12 வோல்ட் லித்தியம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வகைகள் கிடைக்கின்றன. பாஸ்பேட் வகையில் 3.2 வோல்ட் செல் நான்கு இருக்கும். முழு சார்ஜில் 14.4 வோல்ட் அளவு. மற்றது லேப்டாப்பில் வரும் வகைச் செல் மூன்றைச் சேர்த்தது, அது 12.6 வோல்ட்டிலேயே நிறைந்துவிடும். இந்த இரண்டாவது வகையைக் கொண்டுபோய் ஈயப் பேட்டரிக்கான 14.4 வோல்ட் கன்ட்ரோலரில் மாட்டினால், தடுத்து நிறுத்துவது பேக்குக்குள் இருக்கும் சின்ன பாதுகாப்புச் சர்க்யூட் மட்டுமே. அதுவும் மலிவானதாக இருந்து செயலிழந்தால் பேக் தீப்பிடிக்கும். எனவே செல் வகையைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்; கன்ட்ரோலரில் அந்த வகைக்கான செட்டிங்கை வைத்த பிறகே இணையுங்கள். பழைய லேப்டாப் செல்களைப் பிரித்துச் சேர்த்த பேக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். பெட்டியிலிருந்து புகையோ இனிப்பான கெமிக்கல் வாசனையோ வந்தால் திறக்காமல் விலகி நின்று 101-ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சு.

ஒயரும் ஃபியூஸும்

12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஸ்பேனர் தவறி இரண்டு டெர்மினலையும் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; ஸ்பேனர் பழுக்கும், மோதிரம் போட்ட விரல் வெந்துபோகும். வேலைக்கு முன் மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பெட்டிகளில் அதிகம் விடுபட்டுப்போவது இந்தச் சில்லறை விலைப் பொருள்தான்.

இணைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் கொடுங்கள், அடுத்துப் பேனல், கடைசியில் கருவி. கழற்றும்போது தலைகீழாக: கருவி, பேனல், பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால், பேனலின் 20, 22 வோல்ட் பல கன்ட்ரோலர்களைக் குழப்பி, சில நேரம் கருவிக்கே நேராகப் போய் அதை எரித்துவிடும். பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது, வெளிச்சம் இருக்கும்வரை அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். கழற்றும்போது கெட்டியான போர்வையால் மூடிவிடுங்கள். தோட்டத்துச் சோலார் பம்ப் செட்டுகளை இதோடு சேர்க்க வேண்டாம். அங்கே பல பேனல்களை வரிசையில் கோத்துப் பல நூறு வோல்ட் டி.சி. ஓடுகிறது, அது கொல்லும். அதில் கைவைப்பது உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை.

ஒயரின் தடிமனில் மிச்சம் பிடிப்பது இன்னொரு பொதுவான தவறு. 160 வாட் பேனல் 9 ஆம்பியர் அளவு தரும். பேனலுக்கும் பேட்டரிக்கும் 10 மீட்டர் தூரம் இருந்து, வீட்டு ஒயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், போகவும் வரவும் சேர்த்து 2 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே கரைந்துவிடும். வெயிலில் சூடேறிய பேனல் ஏற்கெனவே 18 வோல்ட்டிலிருந்து 16-க்கு இறங்கியிருக்கும். மிச்சம் 14-க்கும் கீழே. பேட்டரிக்குத் தேவை 14.4. இப்படிப்பட்ட பேட்டரி கோடையில்கூட ஒரு நாளும் முழுதாக நிறையாது. 4 சதுர மில்லிமீட்டர் சோலார் கேபிள் போட்டால் இழப்பு 0.8 வோல்ட்டோடு நிற்கும். பெட்டிக்குள் நுழையும் முன் ஒயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றுங்கள். மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். நுழையும் துளையில் ரப்பர் கிளாண்ட் போட்டு இறுக்கினால் எறும்பும் பல்லியும் வராது.

புயலுக்கு முன்னால்

2016 டிசம்பர் 12 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்குக் காற்றின் பலத்தை விளக்க வேண்டியதில்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பேனலைத் தள்ளும் விசை, ஏறக்குறைய 65 முதல் 70 கிலோ எடைக்குச் சமம். அதைக் கம்பத்தின் உச்சியில் வைத்திருக்கிறோம். புரட்டாசி முடிவதற்குள் கிளாம்ப், நட்டு, போல்ட் எல்லாவற்றையும் ஒரு முறை இறுக்குங்கள், துருப்பிடித்ததை மாற்றுங்கள், கம்பத்தின் அடிக் கான்கிரீட்டைச் சுற்றி மண் அரித்திருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் இன்னொரு கவலை. திருநின்றவூர் ஈசா ஏரி நிறைந்தால் சுற்றியுள்ள நகர்களில் தண்ணீர் நிற்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மேற்குப் புறநகரின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. குளிர்ச்சி கருதிப் பேட்டரியை மண்ணுக்கடியில் தொட்டி கட்டி வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு அது வேண்டாம். போன வெள்ளம் எந்த உயரம் வரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டு, அதற்கு மேலே இரண்டடி விட்டுப் பெட்டியை மாட்டுங்கள். தண்ணீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி காய்ந்த பிறகு வேலை செய்வதுபோல் தெரிந்தாலும் மறுபடி சார்ஜ் போடக் கூடாது.

ஐப்பசி இடி மின்னலுக்கு, கம்பத்தை நல்ல எர்த் கம்பியோடு இணைப்பதும் கேமரா ஒயரில் சர்ஜ் தடுப்பான் போடுவதும் உதவும். நேராக இடி விழுந்தால் எதுவும் தப்பாது. பக்கத்தில் விழும் இடியிலிருந்து இவை காப்பாற்றும். இடி இடிக்கும்போது கம்பத்தருகே நிற்காதீர்கள்.

மாதம் ஒரு முறை செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். ஒரு சாதாரண மல்டிமீட்டரோடு வெயில் வருவதற்கு முன், காலை ஆறு மணிக்குப் போய்ப் பேட்டரியின் வோல்ட்டேஜைப் பாருங்கள். பகலில் பார்த்தால் பேனல் ஏற்றிக்கொண்டிருக்கும் வோல்ட்டேஜ்தான் தெரியும், அது ஏமாற்றும். ஈயப் பேட்டரி 12.5-க்கு மேல் காட்டினால் நலம். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் பேனல் அழுக்கா, நிழலா, ஒயர் தளர்ந்ததா, பேட்டரி முடிந்ததா என்று அன்றே தேட வேண்டும். பாஸ்பேட் லித்தியத்தில் வோல்ட்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. பிற்பகல் மூன்று மணிக்குள் கன்ட்ரோலர் "ஃபுல்" காட்டுகிறதா என்று பார்த்தால் போதும். வெளியூரில் இருப்பவர்கள் பேட்டரி வோல்ட்டேஜை மொபைலுக்கு அனுப்பும் கன்ட்ரோலரை வாங்கலாம், ஆனாலும் அந்த எண்ணில் எறும்புக் கூடு தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

கடைசியாக, ஓய்ந்துபோன பேட்டரி. ஈயப் பேட்டரிக்குக் கடையில் பழைய விலை உண்டு; புதியது வாங்கும்போது அங்கேயே கொடுத்துவிடுங்கள். தெருவில் வருகிறவரிடம் போட்டால், அவர் ஆசிட்டை வாய்க்காலில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப்போக வாய்ப்புண்டு; அந்த வாய்க்கால் ஏதோ ஓர் ஏரிக்குத்தான் போகிறது. லித்தியத்துக்குக் காயலான் கடையில் விலை இல்லாததால் அது குப்பையோடு போய், குப்பை எரியும்போது வெடிக்கிறது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சோலார் பேனல்களும் 2023 ஏப்ரல் 1 முதல் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வந்துவிட்டன. பழைய லித்தியம் பேக்கின் இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, விற்ற கடையிலோ மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்ற இடத்திலோ ஒப்படையுங்கள். குப்பை வண்டியில் மட்டும் போடாதீர்கள். அதை வெறுங்கையால் பிரிக்கிறவர் ஒரு துப்புரவுப் பணியாளர்.